காப்புப் பிரதி

இந்த இதழுக்கு ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தத் தொகுப்பு வரவில்லை. இனி முழுதாக வரப்போவதும் இல்லை. ஏன் வரவில்லை என்று சொல்லப்போனால் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துக்கொள்ளும் டிஸ்க் வாங்குவது பற்றியும், எதை எப்படிப் பிரதி எடுத்து வைப்பது என்பது பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகள் இந்த நிமிஷம் எங்கே இருக்கின்றன என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நம்மிடம் ஓர் அலட்சியம் உண்டு. தன் முதல் கதை வந்த இதழ் தன்னிடம் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பற்றின்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். யாரோ ஒரு வாசகன் பைண்டு செய்து வைத்திருப்பான் என்ற ரகசிய நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பற்றின்மை ஒரு நாள்கூடத் தாங்காது. 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்த ‘எழுத்து’ இன்று படிக்கக் கிடைக்கிறதென்றால், செல்லப்பாவின் பிடிவாதத்துக்கு அடுத்தபடியாக, பெட்டியில் போட்டு வைத்த சில வாசகர்கள்தான் அதற்குக் காரணம். சிறுபத்திரிகை சில நூறு பிரதிகள் அச்சாகிப் பல ஊர்களுக்குச் சிதறியது. சிதறியதால் பிழைத்தது. அந்தச் சிதறலுக்கு நாம் எந்த முயற்சியும் செய்யவில்லை, தபால் இலாகா செய்தது. இப்போது எழுதுவது எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒரே தட்டில் கிடக்கிறது. சிதறலை இனி நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

*

என் நண்பர் 2003-ல் இறந்தார். பெயர் வேண்டாம். ஐந்து கவிதைகள் மட்டும் பத்திரிகைகளில் வந்தவர். மற்றவை மூன்று நோட்டுகளில் இருந்தன, மாணவர்கள் கணக்குப் போடும் நாற்பது பக்க நோட்டுகள். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அவற்றை என்னிடம் கொடுத்தார். 2004-ல் நான்கு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். நாற்பத்தொரு கவிதைகள். அடித்து எழுதிய வரிகளில் எது கடைசி என்று தெரியாத இடங்களில் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். முடிந்ததும் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொன்னேன். ‘எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன் அண்ணி, இனிக் கவலையில்லை.’ என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் பொய் என்று தெரியாமல் சொன்னது அது ஒன்றுதான்.

2015 டிசம்பரில் தாம்பரம் பக்கம் தண்ணீர் வந்தபோது எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் வரை நின்றது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தலையில் வைத்து மாடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிரிட்ஜ் போயிற்று, மெத்தை போயிற்று, கம்ப்யூட்டர் பிழைத்தது. அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் முறையாக வெளி டிஸ்கில் பிரதி எடுத்து வைத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்திருந்தார். இரண்டும் ஒரே தண்ணீரில் போயின. பாவம், ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதானே என்று அன்று அவருக்காக வருத்தப்பட்டேன். அப்போது என்னிடம் இருந்தது எத்தனை பிரதி என்று எண்ணிப் பார்க்கவில்லை.

2019-ல் மழை இல்லாத ஒரு சாதாரண நாளில் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. சுவரில் பல்லி கத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தரவுகளை மீட்டுத் தருகிறவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். உள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகின்றன. படிக்கிற முனை அந்தத் தட்டைத் தொடுவதே இல்லை, சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தொட்டால் சுரண்டிவிடும். என்னுடையதில் தொட்டுவிட்டது. சத்தம் கேட்ட பிறகும் நான் ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தது சேதத்தை முடித்து வைத்தது. ‘சத்தம் வந்ததுமே நிறுத்தியிருந்தா கொஞ்சம் கிடைச்சிருக்கும் சார்’ என்றார்.

பதறவில்லை. என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. 2009-ல் எழுதி வைத்த ஒரு சி.டி. ஒரு பென் டிரைவ். சி.டி.யைப் போட்டதும் யந்திரம் சுற்றிச் சுற்றித் திணறி, வெற்றுத் தட்டு என்று சொல்லி வெளியே தள்ளியது. எழுதக்கூடிய சி.டி.யில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம், சாயம் என்றால் வெளுக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பென் டிரைவில் நண்பரின் பெயரோடு ஐகான் இருந்தது. அதைப் பார்த்ததும் மூச்சு திரும்பியது. தட்டினேன். திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து பார்த்தான். ‘இது பைல் இல்ல அங்கிள், ஷார்ட்கட்’ என்றான். முகப்பில் இருந்த ஐகானை இழுத்துப் போட்டுப் பிரதி எடுத்ததாக நினைத்திருந்தேன். நான் எடுத்தது, பைல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரல் காட்டுகிற கைகாட்டியை. அளவு இரண்டு கிலோபைட். அந்த எண்ணை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பத்து வருஷம் ஒரு கைகாட்டியை டப்பாவில் வைத்துப் பாதுகாத்திருக்கிறேன். அது காட்டிய ஊர் அழிந்துவிட்டது.

நம் விமர்சனத்தில் பெரும் பகுதி இப்படிப்பட்டதுதான் என்று அப்போதே தோன்றியது. அதைப் பற்றி வேறு சமயம் எழுதலாம்.

நோட்டுகள் இருக்கின்றனவே என்று அண்ணியிடம் போனேன். அவர்கள் 2011-ல் பழைய வீட்டை விட்டு ஒரு பிளாட்டுக்கு மாறியிருந்தார்கள். காபி கொடுத்தார். கேட்டேன்.

‘நீங்கதான் ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களே தம்பி. வீடு மாத்தறப்ப சாமான் ரொம்ப இருந்தது. பையன் பழைய பேப்பரோட போட்டுட்டான். நான்கூடக் கேட்டேன், அப்பா நோட்டாச்சேடான்னு. அதெல்லாம் அங்கிள்கிட்ட கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்மான்னான்.’

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. என்னிடம் இருக்கிறது என்றே இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தார். ‘ஏன், ஏதாவது சந்தேகம் பார்க்கணுமா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

*

உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனதைச் சொல்கிறார். வரகுணபாண்டியர் காலத்துச் சுவடிகள் இருந்த இடம் என்று கேள்விப்பட்டுப் போகிறார். பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அங்கே பதில் கிடைக்கிறது. ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளும் நமக்குத் தெரியும். இவற்றை மூடத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்லியே பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அண்ணி வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வேறு மாதிரித் தோன்றியது.

பனையோலை நம் சீதோஷ்ணத்தில் என்றைக்குமாக இருக்கிற பொருள் இல்லை. மஞ்சள் தடவலாம், எண்ணெய் பூசலாம், பூச்சி அரிப்பதைத் தள்ளிப்போடலாம். சில தலைமுறைகளுக்குள் இன்னொருவன் உட்கார்ந்து புது ஓலையில் மறுபடி கீறியாக வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு நம்மிடம் வந்தது ஓலை உறுதியாக இருந்ததால் அல்ல. முகம் தெரியாத ஏட்டாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரதி செய்தார்கள். பிரதி செய்த பிறகு பழைய ஏட்டைக் குப்பையில் எறிய மனம் வராமல் நெருப்புக்கும் நீருக்கும் மரியாதையாகக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. எங்கோ ஒரு கட்டத்தில் பிரதி எடுப்பது நின்றுபோயிற்று, சடங்கின் பின்பாதி மட்டும் தொடர்ந்தது. அழிவு அந்த இடைவெளியில் நடந்தது.

என் விஷயத்தில் நடந்ததும் அதுதான். நான் தட்டச்சு செய்யாமல் இருந்திருந்தால் அந்த நோட்டுகள் இன்று இருந்திருக்கும். ஒருவர் கவிதையை ஒருவர் பிரதி எடுத்துவிட்டார் என்று தெரிந்த கணத்தில் மூலம் சாக அனுமதி பெற்றுவிடுகிறது. அந்த அனுமதியைக் கொடுத்தவன் நான். சரிபார்க்காத பிரதி, பிரதி இல்லாததைவிட மோசமானது. பிரதி இல்லை என்று தெரிந்தால் யாராவது மூலத்தைக் காப்பாற்றுவார்கள்.

1981-ல் மே 31 இரவு யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது போனவை 97,000-க்கு மேற்பட்ட நூல்கள் என்பார்கள். என்னை உறுத்துவது அந்த எண்ணிக்கையைவிட, அவற்றில் ஒரே பிரதியாக இருந்த ஓலைகளும் கையெழுத்துகளும். வேறெங்கும் ஒரு பிரதி இருக்கிற புத்தகத்தை எரிக்கிறவன் ஒரு பொருளைத்தான் எரிக்கிறான். ஒற்றைப் பிரதியை எரிக்கிறவன் அந்த எழுத்தையே எரிக்கிறான். இதற்கு எதிர்முனையில் கோட்டையூர் ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதப் போனவர் ஒரு லட்சத்துக்குப் பக்கமான அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே இருத்தி, 1994-லிருந்து நூலகமாக்கி மைக்ரோபிலிம் எடுத்தது. பிலிம் இங்கும் அங்கும் இருக்கிறது. அமெரிக்கர்களுக்குத் தமிழ் மேல் நம்மைவிட அதிகப் பற்று என்று நான் சொல்ல வரவில்லை. பிரதி எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. நமக்கு அது உணர்ச்சியாக இருந்தது.

*

இதில் எனக்கு மன்னிப்பு கிடையாது. முப்பது வருஷம் பாங்கில் வேலை பார்த்தவன் நான். கிளைகளுக்கு லெட்ஜர் போடும் யந்திரங்கள் வந்த காலத்தில், அன்றாடக் கணக்கை மாலையில் ப்ளாப்பியில் எடுக்கிற பொறுப்பு பத்து வருஷம் என்னிடம் இருந்தது. ஆறு ப்ளாப்பிகள், திங்கள் முதல் சனி வரை கிழமை எழுதி ஒட்டியிருக்கும். அடுத்த திங்கள் வந்தால் பழைய திங்களின் மேல் எழுதலாம். வாரக் கடைசிக்கு ஒன்று, மாதக் கடைசிக்கு ஒன்று தனி. பாட்டன், தந்தை, மகன் என்று இந்த முறைக்குப் பெயர். மகன் கெட்டால் தந்தையிடம் போகலாம், தந்தையும் கெட்டால் பாட்டன். அன்றைய ப்ளாப்பியைக் கிளையில் வைக்கக்கூடாது. கட்டடம் எரிந்தாலும் கணக்கு பிழைக்க வேண்டும். நான் டிபன்பாக்ஸ் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். மாதம் ஒரு முறை பழைய ப்ளாப்பி ஒன்றைப் போட்டுக் கணக்கு சரியாகத் திரும்ப வருகிறதா என்று பார்த்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. யார் யாருடைய சேமிப்புக் கணக்கோ அது. நண்பனின் நாற்பத்தொரு கவிதைகளுக்கு நான் எந்த ரிஜிஸ்தரிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஆகவே டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கடைப் பையன் கேட்டான்:

‘என்ன டேட்டா சார், போட்டோவா, வீடியோவா?’

‘கவிதை’ என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ‘டெக்ஸ்ட்னா பென் டிரைவே போதும் சார்.’

‘பென் டிரைவ் வேண்டாம்.’

அவன் சொன்னதில் கணக்கு சரிதான். இப்போது தமிழை எழுதி வைக்கிற யூனிகோட் முறையில் ‘க’வுக்கு மூன்று பைட், அதன் மேல் விசிறிக்கு இன்னொரு மூன்று. ஒரு ‘கி’ போட்டால் ஆறு. இருபது வரிக் கவிதை இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், அந்தக் கைகாட்டியின் அளவு. கடையில் இருந்ததிலேயே சிறிய டிஸ்க் ஒரு டெராபைட். அதில் ஐம்பது கோடிக் கவிதைகள் கொள்ளும். நம் கவிஞர்கள் மனது வைத்தால் நிரப்பிவிடலாம். எனக்கு அந்த இடம் தேவையில்லை. ஆனால் சிறியது என்று ஒன்று இப்போது விற்பனையில் இல்லை.

எதிரே இருந்தவை மூன்று வகை. பெரிய மேஜை டிஸ்க், தனியாக மின்சாரம் கேட்பது. கொள்ளளவு அதிகம், ஆனால் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே இடத்தில் உட்கார்கிற பிரதி எனக்கு எதிர் வீட்டு இழுப்பறையை ஞாபகப்படுத்தியது. இரண்டாவது, சட்டைப் பையில் போடுகிற இரண்டரை அங்குல டிஸ்க். யு.எஸ்.பி. கயிற்றிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். உள்ளே சுற்றுகிற தட்டு இருக்கிறது, கீழே போட்டால் போயிற்று. இந்த வகையில் பலவற்றில் தடங்களைக் கூரை ஓடு வேய்ந்தது மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுகிறார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்துப் போட வேண்டும், அதனால் திருத்தி எழுதும்போது மெதுவாகும். பிரதி எடுத்து வைப்பவனுக்கு அவசரம் இல்லை. மூன்றாவது, தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வேகம், மௌனம், விழுந்தாலும் கலங்காது, விலை அதிகம். பையன் அதைத்தான் சிபாரிசு செய்தான். ஆனால் அதில் எழுத்து என்பது அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மெல்ல வடியக்கூடும். தினமும் புழங்குகிறவனுக்கு அது நல்லது. நான் செத்த பிறகு யாராவது அலமாரியைத் திறக்கிற வரையில் தாங்க வேண்டிய பொருளுக்கு அது தோதில்லை.

இரண்டரை அங்குல டிஸ்க் இரண்டு வாங்கினேன், இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் பிறந்தவை ஒரே வாரத்தில் சாக வாய்ப்பு உண்டு. வீட்டில் வந்து சொருகினால் ஒரு டெராபைட் என்று பெட்டியில் எழுதியது கம்ப்யூட்டரில் 931 ஜிகாபைட் என்று தெரிந்தது. ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறியது போலத்தான்.

*

பொருளைவிட முறைதான் சிரமமான தேர்வு.

கம்ப்யூட்டரின் முழுப் பிம்பத்தையும் அப்படியே அச்சு எடுக்கிற முறை ஒன்று. டிஸ்க் செத்தால் புது டிஸ்கில் அதை இறக்கி, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொழில் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பிம்பம் ஒரே பெரிய மூட்டை. அதைக் கட்டிய மென்பொருள் இருந்தால்தான் அவிழ்க்க முடியும். விண்டோஸ் திரும்பக் கிடைக்கும், கவிதை கிடைக்காது. எனக்கு பைல்களை பைல்களாகவே வைத்தால் போதும், எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் யாரும் திறக்கும்படி.

இணையத்தில் யாரோ ஒருவரின் யந்திரத்தில் தானாகப் போய்ச் சேர்கிற வசதியைப் பலர் காப்புப் பிரதி என்று நம்புகிறார்கள். அது கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் போய் உட்காரும். பழைய நிலைகளைச் சில காலம் வைத்திருக்கிறார்கள், எத்தனை காலம் என்பது அவர்கள் முடிவு. இரண்டு வருஷம் தொடப்படாத கணக்குகளை நீக்குவோம் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. நான் இறந்து இரண்டு வருஷம் கழித்து யாருக்காவது என் ஞாபகம் வந்தால்? ஆனாலும் அங்கேயும் ஒரு பிரதி வைத்தேன். ஊரே மூழ்கினாலும் அது வேறு ஊர்.

டிஸ்கை எப்போதும் சொருகியே வைத்தால் தானாக மணிக்கொரு முறை பிரதி எடுக்கும்படி செய்யலாம். விண்டோஸில் 2012 முதலும் ஆப்பிளில் 2007 முதலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. சோம்பேறிகளுக்கு அதுவே சிறந்தது, நானும் ஒரு டிஸ்கை அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் சொருகியிருக்கிற டிஸ்க் கம்ப்யூட்டரின் உடம்பில் ஓர் அங்கம். 2017 மே மாதத்தில் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, உடன் சொருகியிருந்த டிஸ்குகளையும் சேர்த்தே பூட்டியது. பிடுங்கி வைத்த டிஸ்கை எந்தக் கிருமியும் தொடாது.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரர் இந்தச் சூத்திரத்தைப் பிரபலமாக்கினார். பாங்கில் எங்களுக்கு இதை யாரும் சூத்திரமாகச் சொல்லவில்லை, சர்க்குலராக அனுப்பினார்கள்.

கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பென்ஷன் காகிதங்களைப் பூட்டினேன். கவிதைகளைப் பூட்டவில்லை. கவிதையைத் திருடிக்கொண்டு போகிறவன் இருந்தால் அவனுக்கு என் நன்றி, அவனிடம் ஒரு பிரதி இருக்கும்.

*

நாற்பத்தொன்றில் இருபத்திரண்டு கிடைத்திருக்கின்றன.

ஐந்து பத்திரிகைகளில் வந்தவை. மீதிப் பதினேழும் செங்கல்பட்டில் இருக்கிற இன்னொரு நண்பரிடமிருந்து. 2004-ல் தட்டச்சு பாதி முடிந்தபோது அபிப்பிராயம் கேட்டு அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவருக்கு அந்தக் கவிதைகள் பிடிக்கவில்லை. படிமங்கள் இரவல், மொழியில் இறுக்கம் இல்லை என்று இரண்டு பக்கம் பதில் எழுதினார். ஒரு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் எதையும் அழிக்காதவர். பிடிக்காததையும் அழிக்காதவர். சேகரிப்பதற்கு ரசனை அவசியம் என்று நினைத்திருந்தேன். நல்லது கெட்டது பார்க்காமல் வைத்திருக்கிறவனால்தான் கெட்டது என்று அவன் நினைத்ததும் பிழைத்தது.

அந்தப் பைலைத் திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. புள்ளியும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. 2004-ல் நான் பயன்படுத்தியது பழைய எழுத்துரு. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு முறை இருந்தது. 1999-ல் சென்னையில் மாநாடு கூடித் தரம் வகுத்தார்கள், அதற்கும் போட்டியாக வேறு தரங்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது அதற்கு முன் எழுதியதெல்லாம் வட்டெழுத்தாகிவிட்டது. பைட்டுகள் ஒன்றுகூடக் கெடவில்லை, படிக்கத்தான் ஆளில்லை. மாற்றித் தருகிற மென்பொருள் தேடிப் பிடித்து மாற்றினேன். புது ஓலையில் மறுபடி கீறுவது என்பது இதுதான். டிஸ்கை மாற்றினால் மட்டும் போதாது, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை எழுத்தையும் அன்றைய கண்ணுக்குத் தெரியும்படி மாற்றி வைக்க வேண்டும். அதை எந்த டிஸ்கும் தானாகச் செய்யாது.

பத்தொன்பது போனது போனதுதான். அவற்றில் ஒரு கவிதை எனக்கு ஏறக்குறைய முழுதாக ஞாபகம் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை. ஒரு வரியில் ‘வாசல்’ என்று இருந்ததா ‘வாசற்படி’ என்றா என்று நிச்சயமில்லை. ஒரு நாள் ஒன்றும் மறுநாள் மற்றதும் சரியாகப் படுகிறது. எழுதிவிட்டால் நான் தேர்ந்தெடுத்த சொல் அவர் பெயரில் நின்றுவிடும். பாடபேதம் என்பதை இத்தனை நாள் புலவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. தொகுப்பு எப்போது வரும் என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது டிஸ்க் இப்போது செங்கல்பட்டில் இருக்கிறது. அவருடைய டிஸ்க் என் பீரோவில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்சார ரயிலில் போய் மாற்றிக்கொள்கிறோம். பாங்க் ரிஜிஸ்தர் மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒருவர் டிஸ்கிலிருந்து மற்றவர் ஏதாவது ஒரு பைலைத் திறந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவருவார். பிளாட்பாரக் கடைசியில் உள்ள பெஞ்சு.

போன தடவை அவர் திறந்தது அந்தப் பதினேழில் ஒன்று. சத்தமாகப் படித்தார். முடித்ததும் ‘மூணாவது வரியில ஒற்று விட்டிருக்கு’ என்றார். பார்த்தேன். ஒரு ‘ப்’ இல்லை. அந்த ஒற்று இல்லாமல் படித்தால் அர்த்தம் கொஞ்சம் திரும்புகிறது, அதுவும் கவிதைக்குப் பொருந்துகிறது. 2004-ல் என் விரல் விட்டதா, நோட்டிலேயே அப்படித்தான் இருந்ததா, பார்க்க நோட்டு இல்லை.

‘திருத்தட்டுமா?’ என்றார்.

வேண்டாம் என்றேன். தேதி போட்டு இருவரும் கையெழுத்துப் போட்டோம்.